தீவுக்குப் போகும் பெட்டியில் இல்லாதவை

தீவுக்குப் போகிறோம் என்று வாயைத் திறந்து சொன்ன நாளிலிருந்து எனக்குக் கிடைத்ததெல்லாம் பட்டியல்தான். "நல்லா ஓய்வெடுத்துட்டு வா" என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. எதிர்வீட்டு டீச்சர், தண்ணீர் புகாத செல்போன் உறை வாங்கச் சொன்னார். மாடி வீட்டுக்காரர், கடலுக்கடியில் முள் முள்ளாய் ஏதோ கிடக்கும், ரப்பர் செருப்பு இல்லாமல் காலை வைத்துவிடாதே என்று பயமுறுத்தினார். அவர் கடலை டிவியில் பார்த்ததோடு சரி. என் நாத்தனார் போனில் வந்து, வெயில் கிரீம், கொசுக் களிம்பு, படகில் தலை சுற்றினால் போட மாத்திரை, பிள்ளைகளுக்கு முழுக்கைச் சட்டை என்று மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டு, "ரொம்பச் சுமக்காதீங்க அண்ணி, கை வீசிட்டுப் போனாதான் ஜாலியா இருக்கும்" என்று முடித்தாள். எதைக் கையில் வீசிக்கொண்டு போவது என்று சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஒரே கம்பெனியில் பதினைந்து வருடம் உழைத்தவர்களுக்குச் சுவர்க் கடிகாரம் கொடுப்பது வழக்கம். இந்த வருடம் யாருக்கு என்ன தோன்றியதோ, குடும்பத்தோடு ஐந்து நாள் தீவுப் பயணம் என்று நான்கு சீட்டு கொடுத்துவிட்டார்கள். மாத முடிவுவரை எந்த நாளிலும் போகலாம். கூடவே ஒரு வண்ண அட்டை. முன்பக்கம் தென்னை மரமும் வெள்ளை மணலும். பின்பக்கம் பொடி எழுத்தில், கடைசியாக ஏறுவது சின்ன விமானம், ஒரு குடும்பத்துக்கு மொத்தம் நாற்பது கிலோவுக்கு மேல் ஏற்ற மாட்டோம் என்று இருந்தது. முன்பக்கத்தைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள், பின்பக்கம் என் பங்குக்கு வந்தது.

மூட்டை கட்டுவதில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. என் பிழைப்பே அதுதான். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் கட்டும் அறை என்று ஒன்று இருக்கிறது. ஆபரேஷன் முடிந்து வரும் கத்தரி, இடுக்கி, கொக்கி எல்லாவற்றையும் கழுவி, எண்ணி, தட்டில் அடுக்கி, துணியில் கட்டி, நீராவி இயந்திரத்துக்குள் தள்ளுவோம். வயிற்று செட், எலும்பு செட், கண் செட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம் உண்டு. அதில் வெள்ளைத் தாள் தட்டோடு போகும், எழுதியது அடியில் பதியும் மஞ்சள் நகல் எங்களிடம் இருக்கும்.

கட்டியவளே சரிபார்க்கக் கூடாது என்பது அந்த அறையின் சட்டம். ஒருத்தி கட்டினால் இன்னொருத்தி எண்ண வேண்டும். எண்ணும்போது பேசக் கூடாது. ஏதாவது குறைந்தால் வாயால் சொல்லவும் கூடாது, ஏனென்றால் வாயால் சொன்னது அந்த இரைச்சலில் அடுத்த நிமிஷமே மறந்துபோகும். படிவத்தின் அடியில் 'இல்லாதவை' என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில்தான் எழுத வேண்டும். கட்டியவள் அதைப் படித்து, பக்கத்தில் பதில் எழுதின பிறகுதான் முடிச்சுப் போடலாம். பதிலும் மூன்றே மூன்றுதான்: 'மாற்று வைக்கப்பட்டது', 'பின்னர் அனுப்பப்படும்', 'தேவையில்லை'. சரிபார்த்தவளின் கையெழுத்துக்கு 'எண்ணிவிட்டேன்' என்று மட்டும்தான் பொருள். எல்லாம் இருக்கிறது என்று பொருள் இல்லை.

போன மாதம் புதிதாய் வந்த பெண் ஒருத்தி கையெழுத்தை மட்டும் பார்த்துவிட்டு, கட்டத்தைப் படிக்காமல் ஒரு செட்டுக்கு முடிச்சுப் போட்டுவிட்டாள். அவளை நான் கிழித்துத் தொங்கவிட்டேன். "உள்ள வயித்தத் தெறந்து வச்சுக்கிட்டு டாக்டர் கைய நீட்டுவாரு, நீ என்ன உன் விரலையா குடுப்ப?" என்று கேட்டேன். பாவம், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும் அன்றைக்கு இரண்டாவது ஷிப்ட். அறையில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போய் ஆறு மாதம் ஆகிறது. அவர்களுடைய வேலை போகவில்லை, எங்கள் தலையில் உட்கார்ந்திருக்கிறது. நின்று நின்று என் கால் சாயங்காலத்துக்குள் பலூனாகிவிடும். அதற்கென்று முழங்கால்வரை இறுக்கிப் பிடிக்கும் சாக்ஸ் ஒன்று போட்டுக்கொள்கிறேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெட்டியைக் கட்டிலில் திறந்து வைத்தேன். வீடாக இருந்தாலும் கைப்பழக்கம் விடவில்லை, செட் செட்டாகத்தான் கட்டினேன். கடல் செட்டில் பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு நீச்சல் உடை, ஒன்று காயும்போது ஒன்று போட. பெரியவளின் மூக்குக் கண்ணாடி அலையில் போகாமல் இருக்கப் பின்னால் கட்டும் நாடா. சின்னவன் கழுத்தில் மாட்ட ஒரு விசில், ஏனென்றால் அவன் ஆறு வயதுக்குள் கடைவீதியிலேயே இரண்டு முறை தொலைந்தவன். மணல் செட்டில் பழைய படுக்கை விரிப்பு, ஈரத் துணி போட நான்கு பிளாஸ்டிக் பை, ஒரு டப்பா முகப்பவுடர். ஈர மணல் ஒட்டிய காலில் பவுடரைத் தூவித் துடைத்தால் மணல் உதிர்ந்துவிடும், இதை நாத்தனார்கூடச் சொல்லவில்லை. மழை செட், காய்ச்சல் செட், கொடிக்கயிறும் கிளிப்பும் சேர்ந்த துவைக்கும் செட். வீட்டுக்காரருக்கு மூன்று அரைக்கால் சட்டை, கழுத்தை மறைக்கும் தொப்பி. மனுஷர் பதினைந்து வருடமாய் லிஃப்ட் குழிக்குள் வெயில் காணாமல் கிடந்தவர், முதல் நாளே தோல் உரிந்துவிடும்.

தூக்கி எடை போட்டுப் பார்த்தேன். குடும்பத்துக்கு நாற்பது கிலோ என்றால், மூன்று பேருடைய சாமானே முப்பத்தேழு கிலோ ஆகியிருந்தது. எனக்கு மூன்று கிலோ மிச்சம்.

அந்த மூன்று கிலோவை எடுக்க அலமாரியைத் திறந்தேன். ஒரு பருத்திச் சுடிதாரை எடுத்தேன். மடித்தேன். மடித்ததைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவ்வளவுதான், கை அதற்கு மேல் ஓடவில்லை.

அந்தத் தீவில் என்ன நடக்கும் என்று எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது. எல்லோருக்கும் முன்னால் நான் எழுந்திருப்பேன். மூன்று முதுகுக்குக் கிரீம் தடவுவேன். காணாமல் போன ஒற்றைச் செருப்பைத் தேடுவேன். உப்புத் துணியை அலசிக் கயிற்றில் போடுவேன். "அம்மா பசிக்குது", "அம்மா அவன் கிள்றான்", "ஏம்மா, என் டார்ச் எங்க?" எல்லாம் அங்கேயும் வரும். பின்னால் மட்டும் தென்னை மரம் இருக்கும். மற்றவர்களுக்கு விடுமுறை என்றால் வேலை நிற்கிறது, எனக்கு வேலை நடக்கும் இடம் மாறுகிறது.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. அவர்கள் மூன்று பேரும் போய்விட்டால், ஐந்து நாள் இந்த வீடு காலி. ஆஸ்பத்திரியில் லீவு ஏற்கெனவே வாங்கியாயிற்று. கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, பட்டப்பகலில் நான் தூங்கலாம். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் தூங்கலாம். கும்பகர்ணன் வந்து எனக்குச் சிஷ்யனாகச் சேரும் அளவுக்குத் தூங்கலாம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அதை நினைத்தபோது எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. பெற்ற பிள்ளைகளும் கட்டிய புருஷனும் கண்ணுக்கு மறைந்தால் போதும் என்று ஒருத்தி ஆசைப்படுவாளா? நான் ஆசைப்பட்டேன்.

சுடிதாரைத் திரும்ப அலமாரியில் வைத்தேன். ஆனால், 'நான் வரவில்லை' என்று சொல்லத் தைரியம் வரவில்லை. பதினைந்து வருட உழைப்புக்கு அவருக்குக் கிடைத்த ஒரே பரிசு. அதனால் கோழைகள் செய்வதைச் செய்தேன். ஆஸ்பத்திரியில் படிவத்தை மாற்றியபோது குப்பைக்குப் போக இருந்த பழைய கட்டு ஒன்று பிள்ளைகள் படம் வரைய வீட்டில் இருந்தது. அதில் ஒன்றை எடுத்துப் பெட்டியில் உள்ள எல்லாவற்றையும் எழுதினேன். என்னுடையது ஒன்றுகூட இல்லை. அவர் எண்ணட்டும். நான் இல்லை என்பதை அவர் கண்டுபிடித்துவிட்டால் வாயை மூடிக்கொண்டு கிளம்பிவிடுவேன். கண்டுபிடிக்கவில்லை என்றால் ஐந்து நாள் தூக்கம் என்னுடையது. மனதுக்குள் இப்படிப் பந்தயம் கட்டிக்கொண்டு அவரிடம் போனேன்.

அவர் டார்ச்சுக்குப் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் டார்ச் இல்லாமல் அவர் பாத்ரூமுக்குக்கூடப் போக மாட்டார்.

"ஏங்க, நாளைக்கு உங்களுக்கு ஆஃப்தானே. பெட்டியக் கொஞ்சம் எண்ணிப் பாத்துருங்க."

"நீ வச்சா சரியாத்தான் இருக்கும்."

"கட்டினவ சரிபாக்கக் கூடாது. எங்க ரூம் ரூல்."

"இது ரூம் இல்லையே, வீடு."

"ரெண்டுலயும் வேலைக்காரி ஒருத்திதான்."

சிரித்துக்கொண்டே தாளை வாங்கினார். நான் விடாமல் பாடம் எடுத்தேன். கையெழுத்து இங்கே, ஏதாவது இல்லை என்றால் அடியில் இந்தக் கட்டத்தில், நான் பதில் எழுதும்வரை பெட்டியைப் பூட்டக் கூடாது, பதில் இந்த மூன்றில் ஒன்றுதான் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"எதுவா இருந்தாலும் எழுதுங்க. வாய்ல சொல்லாதீங்க. நான் இருக்கற இருப்புல ஒரு காதுல வாங்கி மறு காதுல விட்டுருவேன். பேசவே கூடாது, சரியா?"

"சரிங்க டீச்சர்" என்றார்.

புதன்கிழமை இரண்டு ஷிப்ட் முடித்து நான் வந்தபோது அவர் பிள்ளைகளை முடிவெட்ட அழைத்துப் போயிருந்தார். பெட்டியின் மேல் படிவம் இரண்டாக மடித்து இருந்தது. மேல் பாதியில் அவருடைய கையெழுத்து, வால் நீண்ட அதே பழைய கையெழுத்து.

போட்டுவிட்டார்.

எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். பந்தயத்தில் ஜெயித்தது நான்தான், நியாயமாகப் பார்த்தால் குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. பதினான்கு வருடம் ஒரே கட்டிலில் படுத்தவர். முப்பத்தேழு கிலோவையும் ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்த்திருக்கிறார், பெண்டாட்டியின் கைக்குட்டைகூட அதில் இல்லை என்று மனுஷனுக்கு உறைக்கவில்லை. வெள்ளைத் தாளைக் கிழித்து, மடிப்பைக் கலைக்காமல் பெட்டிக்குள் போட்டேன். பூட்டினேன். மஞ்சள் நகலை, பழக்க தோஷத்தில், அதே மடிப்போடு பிரிட்ஜ் கதவில் காந்தத்தை வைத்து ஒட்டினேன்.

மறுநாள் வேலையில் பூதக்கண்ணாடி அக்காவிடம் உளறிவிட்டேன். என்னோடு ஜோடியாகச் சரிபார்ப்பவள் அவள். கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணுவாள் என்பதால் அந்தப் பெயர்.

"உனக்கு என்னென்ன எடுத்து வச்ச?" என்று கேட்டாள்.

"என்னையே எடுத்து வைக்கல அக்கா."

விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு இடுக்கியைத் திறந்து மூடினாள். "அவருகிட்ட நேராச் சொல்ல என்ன கேடு உனக்கு?"

"சொன்னா, சரி நாங்களும் போகலம்பாரு. அப்புறம் அஞ்சு நாளும் மூணு பேரும் வீட்டுலயே இருப்பாங்க."

"அதுவும் சரிதான்" என்றாள். அவள் வீட்டில் ஐந்து பேர்.

சனிக்கிழமை கிளம்பும்வரை அந்த மூன்று நாளும் அவர் வழக்கத்தைவிடக் குறைவாகப் பேசினார். அவர் எப்போதுமே மனிதர்களைவிட மோட்டாரோடு அதிகம் பேசுகிறவர் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை சொல்லாமலேயே பாத்திரம் எல்லாம் கழுவி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை, ஒரு வருடமாய் நான் தொண்டை கிழியச் சொல்லியும் சொட்டிக்கொண்டே இருந்த பாத்ரூம் குழாயைச் சரிசெய்தார். தீவுக்குப் போகும் குஷி என்று நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து சமையலறை வாசலில் நின்றார்.

"ஏதாவது சொல்லணுமா?" என்றார்.

"யாரு, நானா? என்ன சொல்ல?"

"ஒண்ணுமில்ல." கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

சின்னவன்தான் என்னைப் பிடித்தான். தன் தொப்பியைப் போட்டுப் பார்த்தே தீர வேண்டும் என்று அழுததால் அன்று மாலை பெட்டியைத் திறக்க வேண்டியிருந்தது. தொப்பிகளை எண்ணினான். "அம்மா, மூணுதான் இருக்கு. உன்னோடது?"

"என்னோடது தனிப் பை" என்று பச்சையாகப் புளுகினேன். அவன் நம்பினான். தொப்பியை வாங்கித் திரும்ப வைத்துப் பெட்டியைப் பூட்டினேன்.

சனிக்கிழமை காலை டாக்ஸி வாசலில் வந்து நின்றது. பெரியவள் கண்ணாடி நாடாவை இப்போதே மாட்டிக்கொண்டு நின்றாள், சின்னவன் விசிலை ஊதித் தெருவையே எழுப்பிக்கொண்டிருந்தான். இதற்கு மேல் தள்ளிப்போட நேரம் இல்லை. செருப்பு மாட்டும் இடத்தில் நின்றுகொண்டு சொன்னேன்.

"நான் வரலைங்க."

பெட்டியைத் தூக்கப் போனவர் நிமிரவில்லை. "தெரியும்" என்றார்.

"தெரியுமா? எப்படித் தெரியும்?"

"நீதான் பதில் சொல்லிட்டியே."

நான் எங்கே, எப்போது சொன்னேன் என்று எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. அதற்குள் பெரியவள், "அம்மா, சீட்டு நாலு இருக்கே?" என்று ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியில் தலைக்கு மேல் வேலை என்று ஒரு பொய்யைச் சொன்னேன். சின்னவனின் உதடு பிதுங்கியது.

"அப்ப என் முதுகுல யாரு கிரீம் போடுவா?"

"அப்பா போடறேன்டா" என்றார் அவர். டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்தார். என் வீட்டுக்காரர் திரும்ப உள்ளே போய், என் சீட்டைப் பிரிட்ஜ் காந்தத்தில் செருகிவிட்டு வந்தார்.

"அது எதுக்கு?"

"இருக்கட்டும்." வாசற்படி இறங்கும்போது ஒரு தடவை திரும்பினார். "நல்லாத் தூங்கு" என்றோ "உடம்பப் பாத்துக்க" என்றோ சொல்வார் என்று நினைத்தேன். "கேஸ மூடிரு" என்றார்.

போய்விட்டார்கள். விசில் சத்தம் தெருமுனை வரை கேட்டது, அப்புறம் கேட்கவில்லை.

கதவைச் சாத்தினேன். திரையை இழுத்தேன். என் பச்சைப் போர்வையை எடுத்துக்கொண்டு கட்டிலின் நடுவில், கையையும் காலையும் பரப்பிப் படுத்தேன். ஆறு மாதமாய் நான் ஏங்கிய நிமிஷம் அது. பிரிட்ஜ் உறுமும் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு டீச்சர் துணி உதறும் சத்தம் கேட்டது. பாத்ரூம் குழாய் சொட்டாதது கேட்டது. அதுவும் ஒரு சத்தம் மாதிரிதான் இருந்தது. இப்படிப் புரண்டேன், அப்படிப் புரண்டேன். கண் எரிந்ததே தவிர, மூடவில்லை. 'நீதான் பதில் சொல்லிட்டியே' என்று அவர் சொன்னது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்றது.

தண்ணீர் குடிக்க எழுந்து பிரிட்ஜைத் திறந்தேன். சீட்டும் மஞ்சள் தாளும் சேர்ந்து காந்தத்துக்குக் கனம் அதிகம் போல, இரண்டும் நழுவிக் கீழே விழுந்தன. விழுந்த வேகத்தில் மஞ்சள் தாள் விரிந்துகொண்டது.

கீழ்ப் பாதியில், 'இல்லாதவை' என்ற கட்டத்துக்குள், அவருடைய கோணல் எழுத்து நீலமாகப் படிந்திருந்தது. கட்டத்துக்குள் அடங்காமல் ஓரத்திலும் எழுதியிருந்தார்.

'1. உன் தொப்பி.
2. உன் ரப்பர் செருப்பு.
3. கால் வீக்கத்துக்குப் போடும் சாக்ஸ், ரெண்டு ஜோடி.
4. தலைவலித் தைலம்.
5. பருத்திச் சுடிதார், ஊதா. அது காத்தோட்டமா இருக்கும்.
6. பச்சைப் போர்வை. அது இல்லாம உனக்குத் தூக்கம் வராது.
7. நீ வரலையா? எங்க மேல ஏதாவது கோபமா?'

பக்கத்தில் 'கட்டியவர் பதில்' என்ற கட்டம் வெறுமையாக இருந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு தடவை படித்தேன், மறுபடியும் படித்தேன். கட்டும் அறையில் பதினொரு வருடம். கையெழுத்தைப் பார்க்காதே, கட்டத்தைப் பார் என்று ஊருக்கெல்லாம் கத்தியவள். அந்தப் புதுப் பெண்ணை அழவைத்தவள். என் புருஷன் எண்ணினாரா என்று சோதிக்கப் போய், நான் படிக்கவில்லை. பேசக் கூடாது என்று நான் சொன்ன ஒரே காரணத்துக்காக அந்த மனுஷன் மூன்று நாள் வாயைத் திறக்காமல், பாத்திரம் கழுவி, குழாயைச் சரிசெய்து, நான் பதில் எழுதுவேன் என்று காத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

போன் எடுத்தேன். விரல் இரண்டு முறை தப்பான எண்ணில் போய் விழுந்தது.

"என்ன, எதையாவது விட்டுட்டு வந்துட்டனா?" என்றார். பின்னால் விமான நிலைய அறிவிப்பும் விசிலும் கேட்டன.

"மஞ்சத் தாள இப்பதான் பிரிச்சேன்."

"இப்பதானா?"

"இப்பதான்."

"நான் எழுதி மூணு நாளாச்சு."

"கையெழுத்த மட்டும் பாத்தேங்க. மடிப்பப் பிரிக்கல. நான் பாக்கவே இல்ல."

"நீ பூட்டிட்ட" என்றார். குரலில் கோபம் இல்லை. அவருக்கும் களைப்பாகத்தான் இருந்தது. "பதில் எழுதாம பூட்ட மாட்டேன்னு சொன்ன. பூட்டிட்ட. சரி, மூணுல ஒண்ணுன்னா எதுவா இருக்கும்னு நானே யோசிச்சேன். தேவையில்லன்னு எடுத்துக்கிட்டேன்."

"எது தேவையில்ல?"

"நாங்கதான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வருத்தத்தில் வந்ததா, தூக்கமில்லாமல் வந்ததா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. "ஐயோ, அதெல்லாம் இல்லைங்க. எனக்குத் தூங்கணும். வேற ஒண்ணுமே இல்ல. எந்திரிக்காம தூங்கணும். அத எப்படிச் சொல்றதுன்னு தெரியல, அவ்வளவுதான்."

"தூக்கமா?"

"தூக்கம்தான்."

"அட அநியாயமே" என்றார். மூச்சை ஒரு பெரிய மூச்சாக வெளியே விட்டது போனில் கேட்டது. "மூணு நாளா நான் தூங்கல."

"வாயத் தெறந்து கேட்டிருக்கலாமே."

"நீதானே பேசக் கூடாதுன்ன."

சிரிக்கக்கூட இரண்டு பேருக்கும் தெம்பு இல்லை. ஆனாலும் சிரித்தோம். அதற்குள் அங்கே சின்னவன் ஷூவைக் கழற்றி எங்கேயோ போட்டுவிட்டான் போலிருக்கிறது, பெரியவள் அவனைத் திட்டுவது கேட்டது.

"அந்தச் சீட்டு எந்த நாளும் செல்லும்" என்றார் அவசரமாக. "வந்தாலும் சரி, வரலன்னாலும் சரி. முதல்ல தூங்கு. ஆனா பதில எழுதிரு, என்ன? கட்டம் காலியா இருக்கக் கூடாது." போனை வைத்துவிட்டார். ஷூவைத் தேடப் போயிருப்பார். அங்கே தேடுவதற்கு அவர் ஒருவர்தான் இருக்கிறார் என்று நினைத்தபோது கொஞ்சம் பாவமாகவும், உள்ளதைச் சொன்னால் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

தாளைச் சமையல் மேடையில் வைத்து நீவினேன். இத்தனை நாளாய் ஆளாளுக்குக் கொடுத்த பட்டியல்களில் எனக்கென்று ஒரு பொருள்கூட இல்லை. இது ஒன்றுதான் முழுக்க முழுக்க எனக்கு. ஏழு வரி. எழுந்ததும் இதைப் பார்த்து எடுத்து வைத்தால் போதும், நானாக யோசிக்க வேண்டியது எதுவும் இல்லை. மூன்று கிலோவைத் தாண்டாது.

'கட்டியவர் பதில்' என்ற கட்டத்தில், 'பின்னர் அனுப்பப்படும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சரிபார்த்தவருக்கு அதைப் போட்டோ பிடித்து அனுப்பினேன். அவரிடமிருந்து என்ன பதில் வந்தது என்று நான் பார்த்தது மறுநாள் மத்தியானம்தான்.